சோத்துக்கைப் பக்க இண்டிகேட்டர்

அத்தியாயம் ஆறு

“அணைடா!”

பின்னாலிருந்து குரலும் தோளில் ஒரு இடியும் சேர்ந்தே வந்தன. தகரம் திடுக்கிட்டுக் கீழே பார்த்தான். மீட்டருக்குள் பச்சை அம்பு ஒன்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் பங்க் முனையில் திரும்பும்போது போட்டது. பங்க் போய் நாலு தெருவாகிவிட்டது.

“நாலு தெருவா திரும்பப்போறேன், திரும்பப்போறேன்னு ஊருக்கெல்லாம் பொய் சொல்லிட்டு வர்றே. பின்னாடி பஸ்காரன் கும்பிடறான் பாரு” என்றாள் அண்ணி.

“அணைக்கணும்னு ஞாபகம் வரணும்னா, முதல்ல போட்டது ஞாபகம் இருக்கணும்ல அண்ணி?”

“காருக்கு ஸ்டீயரிங் நேரானா தானா அணைஞ்சுடும். பைக்குக்கு ஓட்டறவன் மூளைதான் அணைக்கணும். செஞ்சவன் உன்னை மாதிரி ஒருத்தன் பொறப்பான்னு நெனைச்சுப் பாக்கலை.”

தகரம் என்பது அவனுக்கு ஊர் வைத்த பெயர். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி ஓயாமல் பேசுவான். வயது நாற்பத்திரண்டு. அண்ணி அவனுடைய அண்ணன் மனைவி. முப்பது வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள். காகிதத்தில் பிழை பிடித்துப் பிடித்துப் பழகிய கண், ஓய்வு பெற்ற பிறகும் சும்மா கிடக்கவில்லை. மனுஷர்களிடம் பிழை பிடிக்கப் புறப்பட்டுவிட்டது. துப்பறிவது அவள். வண்டி ஓட்டுவதும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதும் இவன்.

இன்றைய விவகாரத்தைத் தகரம் காலையிலிருந்தே தன் சொந்த விவகாரமாக எடுத்துக்கொண்டிருந்தான். காரணம், மாட்டிக்கொண்டவன் இவனைப் போலவே ஒரு ஆள். லிஃப்ட் மெக்கானிக். எப்போதும் இண்டிகேட்டரை அணைக்க மறந்துவிட்டு ஓட்டுவதால் கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் மினுக்கு.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், மினுக்கு தன் ஒன்பது வயது மகளைப் பின்னால் உட்கார வைத்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். அவன் வீட்டுச் சந்து மெயின் ரோட்டின் இடது பக்கம். சந்து முனையில் திரும்பும்போது, பின்னால் வந்த தண்ணீர்க்கேன் வேன் மோதிவிட்டது. அவனுக்குக் கை முறிந்தது. குழந்தைக்கும் கால் முறிந்தது. மண்டையில் பட்ட அடியில் அன்று மத்தியானத்துக்கு மேல் நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகமில்லை. குழந்தையோ அப்பா முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள்.

வேனை ஓட்டி வந்தவர் தண்ணீர்க்கேன் கம்பெனி முதலாளியேதான். அவர் சொன்னது இது: ‘வலது இண்டிகேட்டர் ரெண்டு தெருவாக எரிந்துகொண்டே வந்தது. வலது பக்கம் போகப்போகிறான் என்று நம்பி நான் இடது பக்கமாகத் தாண்டினேன். படக்கென்று இடது பக்கம் வெட்டிவிட்டான்.’

இல்லை என்று சொல்ல ஆளில்லை. பைக்கின் விளக்குகள் தூள் தூள். கைப்பிடி சுவிட்சோ, தள்ளிவிட்டால் தானாக நடுவுக்கு வந்து நிற்கிற ரகம். அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பார்த்த சாட்சி ஒரே ஒருத்தி. அவளும் ‘வலது’ என்றுதான் சொல்லியிருப்பதாகப் போலீஸ் காகிதத்தில் இருந்தது.

மினுக்கின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று நாலு மணிக்கு முதலாளி, மினுக்கின் பெயரில் எழுதிய ஒரு மன்னிப்புக் கடிதம் கொண்டுவருகிறார். மினுக்கு அதில் கையெழுத்துப் போட்டால் போலீஸ் விவகாரம் முடிந்தது. கூடவே அவன் குடும்பமும் முடிந்தது. மனைவி அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தாள்: “நீயே உன் வாயால ஒத்துக்கிட்டா, அப்புறம் என் பொண்ணை உன் வண்டியில மட்டும் இல்ல, உன் வீட்டுலயும் விடமாட்டேன்.”

காலையில் அவனைப் பார்க்கப் போனபோது அறையே குமட்டியது. திரிந்த பால் பாத்திரத்தில் எறும்பு. குளிக்காத உடம்பின் வாடை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ தூக்கிப் போட்ட மூட்டை மாதிரி அவன் உட்கார்ந்திருந்தான். “தப்பிக்க வழி கேக்கலைம்மா. அன்னிக்கு மறந்தேனா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சுகிட்டுக் கையெழுத்துப் போடறேன். மறந்திருப்பேன். நான் எப்பவும் மறக்கறவன்தானே? என்னை நெனைச்சா எனக்கே அருவருப்பா இருக்கு” என்றான்.

தகரத்துக்கு அந்த நேரம் வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. வராதது அவனுக்கே பயமாக இருந்தது.

சந்து முனையில் சாக்கடை மூடி உடைந்து கறுப்புத் தண்ணீர் ரோட்டில் ஓடியது. அதைத் தாண்டிக் குதித்தால் இடது ஓரத்தில் சலவைக்கடை. ஐம்பது வயதுக்காரி ஒருத்தி நின்றபடி சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சாட்சி அவள்தான்.

“போலீஸ்ல சொல்லிட்டேனே. திரும்பத் திரும்ப அதையே கேட்டா எப்படி? துணி கருகிடும்” என்று சலித்துக்கொண்டாள் கடைக்காரம்மா.

“ஒரே ஒரு தடவை எனக்காகச் சொல்லுங்கம்மா” என்றாள் அண்ணி. “பைக்ல எந்தப் பக்கம் லைட் எரிஞ்சுது?”

“சோத்துக்கைப் பக்கம்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“நல்லாத்தான் பாத்தேன். சோத்துக்கைப் பக்கம் மினுக் மினுக்குன்னு எரிஞ்சுது. இதுல என்ன பெரிய ரகசியம்?”

தகரம் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். முப்பத்தொன்பது வருஷமாகச் சோற்றை அள்ளி வாயில் போடுகிற கை. முதல் மூன்று வருஷம் அம்மா ஊட்டினாள். “முடிஞ்சுது அண்ணி. கிளம்பலாம். மறந்துட்டான் பய. நாளைக்கு என் கதையும் இதுதான். எனக்கும் சேர்த்து ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கி வெச்சிடுங்க” என்று காதோரம் முணுமுணுத்தான்.

அண்ணி நகரவில்லை. இஸ்திரி மேஜையையே பார்த்தாள். பிறகு ஒயரைப் பார்த்தாள். மடித்து அடுக்கிய சட்டைகளைப் பார்த்தாள். அப்புறம், “எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?” என்று கேட்டாள்.

“ஒரு மணிக்கு. ஏன்?”

“சும்மாதான். வெயில் தாழ இங்கே கொஞ்சம் உக்காந்துக்கறோம்.”

இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்தார்கள். சாக்கடை வாடையில் தகரத்துக்குத் தலை சுற்றியது. ஈ ஒன்று அவன் மூக்கின் மேல் பட்டாவோடு குடியேறியது. “அண்ணி, அடுத்தவங்க சாப்பிடறதை வாய் பாக்கறது அசிங்கம். எங்கம்மா சொல்லி வளத்திருக்காங்க” என்றான்.

“எனக்கு வாயைப் பாக்க வேண்டியதில்ல. கையைப் பாக்கணும்.”

ஒரு மணிக்குக் கடைக்காரம்மா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினாள். கையைக் கழுவினாள். டிபன் பாக்ஸைத் திறந்தாள். சோற்றைப் பிசைந்தாள். ஒரு கவளம் உருட்டினாள்.

இடது கையால்.

தகரத்தின் வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. ஈக்கு அது வசதியாகப் போயிற்று.

“அம்மா, உங்களுக்கு இடக்கைப் பழக்கமா?” என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

“பொறந்ததிலேர்ந்தே. அடிச்சும் பாத்தாங்க, மாறலை. பெட்டியைக்கூட இந்தக் கையாலதான் பிடிப்பேன். அதான் மேஜையைத் திருப்பிப் போட்டிருக்கேன்.”

“அப்போ சோத்துக்கைன்னு நீங்க சொன்னது…”

“இதோ, இந்தக் கை!” பருக்கை ஒட்டிய இடது கையை அவள் தூக்கிக் காட்டினாள். “சோறு திங்கற கைதானே சோத்துக்கை? வேற எதைச் சொல்லுவாங்க?”

“லைட் உங்க கடைப் பக்கம் எரிஞ்சுதா, எதிர்ப்பக்கம் எரிஞ்சுதா?”

“என் கடைப் பக்கம்தான். என் மூஞ்சியிலேயே வந்து அடிச்சுது. போலீஸ்ல எழுதினவர் கையைக் காட்டுன்னு கேக்கலை. சோத்துக்கைன்னு சொன்னேன், அவர் பாட்டுக்கு எழுதிக்கிட்டார். வாசிச்சுக் காட்டும்போதும் ‘வலது’ன்னார். வலது இடது எல்லாம் படிச்சவங்க பேச்சு, எனக்கு எப்பவும் குழப்பம். சரின்னு தலையாட்டிட்டேன்.” கவளம் பாதி வழியில் நின்றது. “ஏம்மா, தப்பாப் போச்சா?”

“உங்க பேர்ல தப்பே இல்ல. வாசிச்சுக் காட்டினப்போ கூட யார் இருந்தாங்க?”

“வேன்காரர் இருந்தார். சென்ட் வாடை தூக்கலா வருமே, அவர்தான். அதுவரைக்கும் வேர்த்து ஊத்திட்டு நின்னுட்டிருந்தார். அதைக் கேட்டதும் உக்காந்து காபி கேட்டார்.”

வண்டியைக் கிளப்பும்போது தகரம் துள்ளிக் குதித்தான். “ஜெயிச்சாச்சு அண்ணி! மினுக்கு ஒழுங்கா இடது இண்டிகேட்டர் போட்டு, ஒழுங்கா இடது பக்கம் திரும்பியிருக்கான்!”

“பாதிதான் ஜெயிச்சிருக்கோம். அவங்க போலீஸ்ல ‘சரி’ன்னு தலையாட்டினது அப்படியே இருக்கு. இப்போ மாத்திச் சொன்னா, யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு அந்தாள் சொல்லுவான். இல்லன்னா, ‘எனக்கும் வலதுன்னுதான் தெரிஞ்சுது, கண்ணு ஏமாத்திடுச்சு’ன்னு அழுவான். தெரிஞ்சேதான் பொய் சொன்னான்னு அவன் வாயாலேயே வரணும்.”

“வராது அண்ணி. அந்த வாயில சென்ட் தவிர வேற எதுவும் வராது.”

நாலு மணிக்கு மினுக்கின் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். அவன் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்க்க வந்த மனைவி, வாசலை ஒட்டிய நாற்காலியில், கட்டிலிலிருந்து எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு தூரம் விலகி உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட காலை நீட்டியபடி குழந்தை அவள் மடியில். குழந்தை அப்பாவைப் பார்க்கும், அம்மா முகத்தைப் பார்க்கும், தலையைக் குனிந்துகொள்ளும். அதைப் பார்க்கச் சகிக்காமல் தகரம் சுவரைப் பார்த்து நின்றான்.

முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பை ஆப்பிள். பின்னால், கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண் ஒருத்தி தடித்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். கம்பெனியின் டைப்பிஸ்ட்.

அவர் மினுக்கின் தோளைத் தட்டினார். தட்டிய கையில் சின்ன பாட்டிலிலிருந்து கிருமிநாசினியைப் பிதுக்கித் தேய்த்துக்கொண்டார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். மறுபடியும் பிதுக்கினார்.

“மனுஷன்னா மறதி இருக்கும், தம்பி. நான் எதையும் மனசுல வெச்சுக்கலை. எப்பவோ மன்னிச்சுட்டேன். நீங்களும் மன்னிச்சுடுங்க, தங்கச்சி” என்று மனைவியிடம் திரும்பினார். “பாவம், வேணும்னா செஞ்சார்?”

செருப்பில்லாமல் எதையோ மிதித்துவிட்டது போல் தகரத்துக்குக் கால் கூசியது. மோதியவன் மோதப்பட்டவனை மன்னிக்கிறான்! அதுவும் ஆப்பிளோடு!

மினுக்கு நல்ல கையை நீட்டினான். “பேனா குடுங்க.”

“இருப்பா” என்றாள் அண்ணி. “முப்பது வருஷப் பழக்கம். படிக்காம எந்தக் காகிதத்தையும் அடுத்த ஆளுக்கு விடமாட்டேன். ஒரு நிமிஷம்.”

எடுத்த பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு முதலாளி சிரித்தார். “தாராளமாப் படிங்கம்மா.”

அண்ணி பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தாள். வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஒரு சுழி. கொஞ்சம் தள்ளி இன்னொரு சுழி. அப்புறம் மூன்றாவது.

“பிழை இருக்கு. ‘விபத்தில் எனது வலது கை முறிந்தது’ன்னு போட்டிருக்கு. எந்தக் கை முறிஞ்சுது?”

எல்லோரும் மினுக்கைப் பார்த்தார்கள். கட்டு இடது கையில் இருந்தது.

“‘என் மகளின் வலது கால்’ன்னு இருக்கு. பாப்பா, எந்தக் கால் வலிக்குது?”

குழந்தை இடது காலைத் தொட்டுக் காட்டினாள்.

“‘வண்டியின் வலது பக்கம் நசுங்கியது.’ வண்டி வாசல்லதான் நிக்குது. நசுங்கினது இடது பக்கம்.” அண்ணி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். “கடிதம் முழுக்கத் தேடிட்டேன். ஒரு இடத்துல கூட ‘இடது’ங்கிற வார்த்தையே இல்ல. இந்த உலகத்துல இடது பக்கம்னு ஒண்ணு படைக்கப்படவே இல்லாத மாதிரி எழுதியிருக்கு.”

“இடது இல்லாத ஊர்ல எல்லாரும் எப்படி வீட்டுக்குத் திரும்புவாங்க? மூணு தடவை வலது பக்கம் சுத்தித்தான் வரணும்” என்றான் தகரம்.

முதலாளியின் கை பாட்டிலைத் தேடியது. “டைப்பிங் தப்பும்மா. இவங்களுக்கு வயசாகுது, கண்ணு சரியாத் தெரியறதில்ல. நானும் எத்தனை தடவைதான் சொல்றது? எதையும் ஒழுங்கா அடிக்க மாட்டாங்க.”

அதுவரை ஃபைலோடு ஃபைலாக நின்றிருந்த டைப்பிஸ்டின் முகம் மாறியதைத் தகரம் பார்த்தான். முதலில் காது சிவந்தது. பிறகு மூக்கு நுனி.

“யார் ஒழுங்கா அடிக்கலை?”

“அட, நீங்க சும்மா இருங்க…”

“இருபத்திரண்டு வருஷமா அடிக்கறேன் சார். ஒரு புள்ளி தப்பினதில்ல. நீங்க சொன்ன பொய்யைக்கூட ஒற்றுப்பிழை இல்லாம அடிச்சுக் குடுத்திருக்கேன். என் வேலையில தப்புன்னு இத்தனை பேர் முன்னாடி சொல்றீங்களா?” அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். “மோதின அன்னிக்கு ராத்திரி ஆகறதுக்கு முன்னாடியே ஆபீசுக்கு ஓடி வந்து, வேனை ரிப்பேருக்கு விட ரிப்போர்ட் வேணும்னு நீங்க சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். இடது இண்டிகேட்டர், இடது பக்கம், இடது கை, இடது கால். எல்லாம் இடதுதான். சரியாத்தான் அடிச்சேன்.”

“வாயை மூடு!”

“மறுநாள் போலீஸ்லேர்ந்து சிரிச்சுகிட்டே வந்தீங்க. ‘கம்ப்யூட்டர்ல ஒரு வார்த்தையை மொத்தமா ஒரே தட்டுல மாத்தறது எப்படி’ன்னு கேட்டீங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன். எதுக்குன்னு இப்பதான் புரியுது. தட்டினது உங்க விரல். அந்த ரிப்போர்ட்டையே எடுத்து மன்னிப்புக் கடிதமா ஆக்கிட்டீங்க. லைட்டோட சேர்ந்து கையும் காலும் மாறினதை நீங்க பாக்கலை. பாத்திருந்தா நான் திருத்தியிருப்பேன். ஆனா இதை என்கிட்ட காட்டவே இல்லையே.”

அண்ணி ஃபைலைப் பார்த்தாள். “அந்த முதல் ரிப்போர்ட்…?”

“எதையும் தூக்கிப் போடற பழக்கம் எனக்கில்ல.” டைப்பிஸ்ட் ஃபைலின் நடுவில் விரலை விட்டு ஒரு தாளை உருவினாள். கீழே முதலாளியின் கையெழுத்து, முத்திரையோடு.

அண்ணி தாளை வாங்கவில்லை. மனைவியின் பக்கம் கையைக் காட்டினாள். பிறகு முதலாளியை மேலும் கீழும் பார்த்தாள். பழைய பாத்திரத்தின் அடியில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை.

“பொய் சொல்றவங்களை நிறையப் பாத்திருக்கேன். அவங்களாவது சொந்தமா உக்காந்து யோசிச்சுச் செய்வாங்க. நீங்க அதுகூடச் செய்யலை. சோத்துக்கைன்னு ஒரு நல்ல மனுஷி சொன்னாங்க, எழுதினவர் தப்பாப் புரிஞ்சுகிட்டார். கீழே விழுந்து கெடந்த அந்தத் தப்பைப் பொறுக்கித் தொடைச்சுப் பையில போட்டுகிட்டீங்க. மூணு வாரமா அதை வெச்சு இந்த மனுஷனை மன்னிச்சுகிட்டிருக்கீங்க.”

மனைவி தாளைப் படித்து முடித்தாள். எழுந்து வந்து அதை முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“நீங்களே படிங்க. என் பொண்ணு காதுல விழணும்.”

“தங்கச்சி, நான் சொல்றதைக் கொஞ்சம்…”

“இன்னொரு தடவை தங்கச்சின்னு கூப்பிட்டா என் கை நீண்டுடும். படிங்க.”

அவர் படித்தார். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். “‘முன்னால் சென்ற பைக் இடது இண்டிகேட்டர் போட்டு, மெதுவாக இடது பக்கம் திரும்பியது. நான்…’”

“சத்தமா.”

“‘நான் கவனிக்கவில்லை.’”

“பேனாதான் கையிலேயே இருக்கே, அப்படியே போலீசுக்கும் ரெண்டு வரி எழுதிடுங்க” என்றான் தகரம். “எந்தக் கையால வேணும்னாலும் எழுதலாம்.”

அவர் எழுதினார். டைப்பிஸ்ட் தலைக்கு மேல் நின்று ரெண்டு எழுத்துப்பிழையைத் திருத்த வைத்தாள். எழுதி முடித்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார். பாட்டிலை மேஜையிலேயே விட்டுவிட்டார். டைப்பிஸ்ட் அவர் பின்னால் போகவில்லை. “நாளைக்கு வேற இடம் தேடணும்” என்று யாரிடமோ சொல்வது போல் சொல்லிவிட்டு, அண்ணியோடு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே மினுக்கு இன்னும் அசையவில்லை. பரீட்சை முடிவைக் கேட்கிற பிள்ளை மாதிரி மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

“அப்போ… அன்னிக்கு நான் மறக்கலையா?”

அவள் ஆப்பிள் பையையே வெறித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாந்தி எடுக்கப்போகிறாளோ என்று தகரம் பதறினான்.

“மூணு வாரமா அந்தாள் கொண்டுவந்த பழத்தை நறுக்கி நறுக்கி இவளுக்கு ஊட்டியிருக்கேன்” என்றாள் கடைசியில். “‘நல்ல மனுஷர், உங்கப்பா மாதிரி இல்ல’ன்னு சொல்லிச் சொல்லி ஊட்டியிருக்கேன். என் நாக்கை நானே கழுவணும் போல இருக்கு.”

“அழாதே. நான் எப்பவும் மறக்கறவன்தானே. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க.”

“நான் யாரோவா?” என்று சீறினாள் அவள். “அன்னிக்கு நீ மறக்கலை. உன்னைக் கேக்காமலே நான்தான் முடிவு கட்டிட்டேன். நீயும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாம பேனா குடுங்கன்னு கை நீட்டறே! அதைப் பாத்தாத்தான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது.”

பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். குப்பைத்தொட்டியில் ஆப்பிள்கள் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் கேட்டது. எட்டு. திரும்பி வந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தகரத்தைப் பார்த்தாள்.

“அண்ணே, ஒரு டாக்ஸி கூப்பிடுங்க. எங்கம்மா வீட்டுக்கு.”

இவ்வளவும் நடந்து என்ன பிரயோஜனம்? தகரம் போனை எடுத்துக்கொண்டு கேட்டான்: “எத்தனை பேர்னு கேப்பாங்கம்மா.”

அவள் மகளின் நீட்டிய காலைப் பார்த்தாள். கட்டிலில் இருந்தவனின் தொங்கிய கையைப் பார்த்தாள். பின்சீட்டை மனசுக்குள் அளந்தாள்.

“பெரிய வண்டியா வரச் சொல்லுங்க” என்றாள். “மூணு பேர்.”